அவையச்சம் அகலும் வழி

நாலு பேர் நடுவே எழுந்து நின்றவுடன் நா வறள்வதும், முழங்கால் நடுங்குவதும், நன்கறிந்த செய்தியும் மறந்துபோவதும் நம்மில் பலருக்கும் நேர்வனவாகும். இதனை அவையச்சம் என்பர். கல்லாதவர்க்கே இவ்வச்சம் வரும் என்று கருதுதல் தவறு. கற்றாரையும் இது பற்றும். அதனாலன்றோ திருக்குறளில் ‘அவை அறிதல்’ என்னும் அதிகாரத்தை அடுத்து, ‘அவை அஞ்சாமை’ என 73ஆம் அதிகாரம் தனியே அமைந்துள்ளது! சமண முனிவர் பாடிய நாலடியாரிலும் ‘அவையறிதல்’ என ஓர் அதிகாரம் உண்டு.

போடிநாயக்கனூரில் நாம் ஆசிரியப் பணியாற்றிய நாளில் நிகழ்ந்த ஒன்று இன்றும் நெஞ்சை உறுத்துகிறது. பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடைபெற்றது. ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குச் செல்லும் தாய் ஒருவர், ஏதோ கேட்கவேண்டும் என்று எழுந்தார். எல்லாருடைய கண்களும் அவர்மேல் திரும்பின. சேலைத் தலைப்பை விரலில் சுற்றியபடியே சற்று நின்று, “ஒண்ணுமில்லே டீச்சர்” என்று அமர்ந்துவிட்டார். அடுத்த ஆண்டு அவர் மகள் பள்ளிக்கு வரவில்லை. உதவித்தொகைக்கு வழி உண்டா என்பதே அன்று அவர் கேட்க நினைத்தது என்பதைப் பின்னரே அறிந்தோம். கேட்டிருந்தால் விண்ணப்பம் எழுதித் தந்திருப்போம். கூட்டம் முடிந்தபின் அவரைத் தனியே அழைத்துக் கேளாதது எம் குற்றமே. ஆயினும், சபையில் அடங்கிப்போன ஒரு வினா ஒரு பெண்ணின் படிப்பையே நிறுத்திவிடக்கூடும் என்பதை அன்று உணர்ந்தோம்.

நாமும் இவ்வச்சத்திற்கு விலக்கானவர் அல்லோம். ஆசிரியப் பயிற்சியின்போது முதல் மாதிரிப் பாடம் நடத்திய நாள் அது. பின்வரிசையில் பயிற்சி ஆசிரியரும் உடன்பயில்வோரும் குறிப்பேட்டுடன் அமர்ந்திருந்தனர். நாற்பது நிமிடப் பாடத்தைப் பத்து நிமிடத்தில் ஓட்டி முடித்துவிட்டுக் கரும்பலகையைப் பார்த்து நின்றோம். பயிற்சி ஆசிரியர் சினவாமல், “பாடம் உன்னிடம் இருக்கிறது அம்மா. பிள்ளைகளைத்தான் நீ பார்க்கவில்லை” என்றார். அந்த ஒரு சொல்லே எமக்கு வழிகாட்டியாயிற்று.

நன்னூல் காட்டும் நெறி

அவர் கூறியதனை 13ஆம் நூற்றாண்டிலேயே நம் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் வகுத்துரைத்துள்ளார். பாடம் சொல்வோன் காலத்தையும் இடத்தையும் நோக்கவேண்டும், தெய்வத்தை வாழ்த்தவேண்டும், சொல்லப்போகும் பொருளை முன்னதாகவே உள்ளத்தில் அமைத்துக்கொள்ளவேண்டும், விரையாமலும் வெகுளாமலும் முகமலர்ச்சியோடு, கேட்பவன் கொள்ளும் வகையறிந்து கூறவேண்டும் என்பது அதன் கருத்து. மேடையேறுவோர்க்கும் இதனினும் சிறந்த பாடக்குறிப்பு வேண்டுவதில்லை. இதில் பேசுவோன் தன்னைப் பற்றி எண்ணுவதற்கு இடமே இல்லை என்பதைக் காண்க. பொருளையும் கேட்போரையும் எண்ணும் மனத்தில் ‘என்னை என்ன நினைப்பார்களோ’ என்னும் அச்சம் தங்க இடமேது?

மற்றொரு கணக்கும் அந்நூலில் உண்டு. ஆசிரியர் உரைப்பதை நன்கு கேட்டுக்கொண்டாலும் புலமையில் கால் பங்கே வரும். உடன்கற்பாரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு வரும். பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரைப்பங்கும் நிறைவுறும். எனவே, ‘முற்றக் கற்றபின் பேசுவேன்’ என்று காத்திருப்பது பொருந்தாது. பேசுவதும் கற்றலின் பகுதியே.

காந்தியடிகளின் சான்று

அண்ணல் காந்தியடிகள் 1888 முதல் 1891 வரை இலண்டனில் சட்டம் பயின்றார். அந்நாளில் சைவ உணவை வலியுறுத்தும் கூட்டம் ஒன்றில், ஒரே தாளில் எழுதிவந்த உரையையும் படிக்க இயலாமல் கண் மங்கி, உடல் நடுங்கினார். மற்றொருவர் அதனைப் படிக்க நேர்ந்தது. பம்பாயில் ஏற்ற முதல் வழக்கிலும் எழுந்து நின்று, வாய் திறவாமல் அமர்ந்தார். அவரே 1893இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில், இந்திய வணிகர் கூட்டத்தில், வாணிகத்தில் வாய்மை என்னும் பொருள் பற்றித் தடையின்றிப் பேசினார். அப்பொருளை அவர் நன்கு ஆயத்தம் செய்திருந்தார். கேட்போரின் வாழ்க்கைக்கு அது தேவை என்றும் நம்பினார். தம் கூச்சமே சொற்களைச் சிக்கனமாகப் பயன்படுத்தக் கற்பித்தது என்று பின்னாளில் எழுதினார். ஆதலின் கூச்சம் உடையோர் தம்மை இகழ்ந்துகொள்ள வேண்டுவதில்லை.

ஏலக்கூடம் தரும் பாடம்

இக்காலத்தில் போடியில் ஏலக்காய் விற்பனை கணினி வழியே நிகழ்கிறது. முன்னாளில் வாய்விட்டு விலை கூறும் ஏலமே நடந்தது. மாதிரிக் காயைக் கையில் எடுத்து, நிறமும் பருமனும் நோக்கி, அத்தனை பேர் நடுவே கணீரென்று விலை கூறியவர்கள், ஒலிபெருக்கி முன் நின்றால் நா தடுமாறுவர். முன்னதில் சரக்கை அறிந்திருந்தனர். நாள்தோறும் பழகியும் இருந்தனர். அறிவும் பழக்கமும் கூடிய இடத்தில் அச்சம் குறைகிறது.

அவ்விரண்டையும் பெறும் முறை நம் ஆகமத்திலும் உண்டு. தத்துவார்த்த சூத்திரம் சுவாத்தியாயத்தை ஐந்தாக வகுக்கிறது: படித்தல், ஐயம் கேட்டல், சிந்தித்தல், பிழையின்றித் திரும்பத் திரும்ப ஓதுதல், அறவுரை கூறல். எடுத்துரைத்தல் ஐந்தாவதாகவே வைக்கப்பட்டுள்ளது. முதல் நான்கையும் விட்டு ஐந்தாவதற்குத் தாவுவோர்க்கே கால் நடுங்கும்.

இல்லத்தில் செய்யும் பயிற்சி

பொழுது சாயுமுன் உணவை முடிப்பது நம் இல்லங்களின் வழக்கம். அதன்பின் கிடைக்கும் நேரத்தில், வாரம் ஒரு நாள், வீட்டில் உள்ளோர் ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் நின்று பேசுக.

1. உரை முழுவதையும் மனப்பாடம் செய்யற்க. ஒரு சொல் தவறினால் அனைத்தும் தவறும். முதல் வாக்கியத்தையும் மூன்று கருத்துகளையும் மட்டும் மனத்தில் நிறுத்துக.

2. எழுந்தவுடன் பேசத் தொடங்கற்க. ஒருமுறை நீள மூச்சு விட்டு, அன்போடு பார்க்கும் முகம் ஒன்றைத் தேடிக்கொள்க. இதயம் படபடப்பது நோயன்று. உடல் ஆயத்தமாவதன் அறிகுறி. சில நிமிடங்களில் அது தணியும்.

3. மறந்துவிட்டால் நிறுத்தி எண்ணுக. பேசுவோர்க்கு நெடுநேரமாகத் தோன்றும் அமைதி, கேட்போர்க்கு ஒரு கணமே.

4. குழந்தை பேசும்போது நகைத்தலும் இடைமறித்துத் திருத்தலும் ஆகா. முடிந்தபின் நல்லவற்றைக் கூறி, ஒரே ஒரு பிழையை மட்டும் சுட்டுக.

5. மருமகளும் பாட்டியும் பேசட்டும். ஆடவரும் சிறுவரும் கேட்கட்டும்.

முதல் வாரத்திற்குரிய தலைப்பு வேண்டுமாயின், உத்தமபாளையம் பாறையில் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருவுருவங்களைப் பற்றிப் பேசலாம். போடியிலிருந்து நெடுந்தொலைவில்லாத அவ்விடத்தைக் கண்டுவந்து, கண்டதைச் சொன்னால் போதும்.

அன்று அமர்ந்துவிட்ட அத்தாயைப் போல இன்னும் எத்தனையோ பேர் நம் கூட்டங்களின் கடைசி வரிசையில் இருக்கிறார்கள். பேச அறிந்தோர் அவர்களுக்கு இடம் தருவாராக. பேச அஞ்சுவோர், ஒரே ஒரு வினாவுடனாவது அடுத்த கூட்டத்தில் எழுந்து நிற்பாராக.