ஓரம் வெட்டுமுன் ஒரு நிமிடம்

பேரவையின் பழைய நாடகங்களை இணையத்தில் ஏற்றத்தக்க கோப்புகளாக மாற்றும் பொறுப்பு இவ்வாண்டு என் தலையில் விழுந்தது. செயற்குழுக் கூட்டத்தில் யாரும் கை தூக்காத நேரத்தில் நான் மூக்கைச் சொறிந்ததே காரணம் என்று நினைக்கிறேன். கைக்கு வந்தது ஒரு காலணிப் பெட்டி. அதில் ஏழு டிவிடி வட்டுகளும் இரண்டு விஎச்எஸ் ஒளிநாடாக்களும் இருந்தன. நாடாக்களை ரோச்சோர் பக்கம் ஒரு கடையில் கொடுத்து வட்டாக்கிக்கொண்டேன். மற்ற வேலையெல்லாம் விடுதி அறையில், காசு செலவில்லாமல், கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டே முடிந்தது. அடுத்து இப்பொறுப்புக்கு வரப்போகும் தம்பி தங்கைகளுக்காக, நான் கற்றதையும் கெடுத்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பயன்படுத்தியவை மூன்று. பார்ப்பதற்கு விஎல்சி, இது 1996இல் பாரிசில் பொறியியல் மாணவர்கள் தொடங்கிய திட்டம். (நாமும் மாணவர்கள்தாம். ஏதோ ஞாபகத்துக்கு வந்தது, சொன்னேன்.) மாற்றுவதற்கு ஹேண்ட்பிரேக். கட்டளை தட்டச்சு செய்யப் பயப்படாதவர்களுக்கு, 2000இல் ஃபாப்ரிஸ் பெல்லார் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக்.

கோப்பை மாற்றுவது என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. தேக்காவில் வாங்கிய பிரியாணியைப் பொட்டலத்திலிருந்து டப்பாவுக்கு மாற்றுவது ஒன்று. சோறு அதே சோறு. எம்கேவி கோப்பை எம்பி4 ஆக்குவது பெரும்பாலும் இப்படித்தான்; எஃப்எஃப்எம்பெக் அதைச் சில வினாடிகளில் முடித்துவிடும், தரமும் குறையாது. இன்னொன்று, சமைத்ததை மறுபடியும் அடுப்பில் ஏற்றுவது. படத்தின் ஓரத்தை வெட்டுவது இந்த இரண்டாவது வகை. ஒவ்வொரு சட்டத்தையும் பிரித்து, வெட்டி, மீண்டும் சுருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் போகும். எனவே வெட்டுவதானால் மூலத்திலிருந்து ஒரே முறை வெட்டுங்கள். வெட்டியதையே திரும்ப வெட்டாதீர்கள்.

ஏன் வெட்ட வேண்டும்? விஎச்எஸ் படத்தின் அடியில் சில வரிகள் எப்போதும் கலைந்து ஆடும். பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் ஓரத்தைத் தாமே மறைத்ததால் அந்தக் காலத்தில் யாருக்கும் அது தெரியவில்லை. கணினித் திரையில் எல்லாம் தெரிகிறது. நம் வட்டுகளில் படம் 720க்கு 576 புள்ளிகள். ஆனால் அதை 768க்கு 576 என்ற அளவில் காட்டினால்தான் முகங்கள் சரியாக இருக்கும். அகலத்திரைக்கு இழுத்துவிட்டால் நம் கதாநாயகிகள் எல்லாரும் பருத்துவிடுவார்கள். அவர்களில் சிலர் இம்மலரைப் படிப்பவர்கள், எச்சரிக்கை. மேலும், பழைய படம் ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் எனப் பாதி பாதியாக, வினாடிக்கு 50 பாதிகளாகப் பதிவானது. கை அசையும்போது சீப்புப் பல் போலத் தெரிவது அதனால்தான். முதலில் இந்தக் கோடுகளைச் சரிசெய்து, பிறகுதான் வெட்ட வேண்டும். ஹேண்ட்பிரேக்கில் கோடு நீக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் வரிசையை அதுவே பார்த்துக்கொள்ளும். எஃப்எஃப்எம்பெக்கில் நாம்தான் அந்த வரிசையில் எழுத வேண்டும். வெட்டும் அளவுகள் இரட்டைப்படையில் இருக்கட்டும்.

இனி நான் கெடுத்த கதை. 1990களின் இறுதியில் மேடையேறிய ஒரு நாடகத்தை ஹேண்ட்பிரேக்கின் தானியங்கி வெட்டுக்கு விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் அழகான கோப்பு. அதில் நடித்த அக்கா ஒருவருக்கு அனுப்பினேன். மறுநாள் அவரிடமிருந்து ஒரே வரி: “தம்பி, அப்பா எங்கே?”

அவருடைய அப்பா அந்த நாடகத்துக்கு மிருதங்கம் வாசித்தவர். இப்போது இல்லை. மேடையின் இடப்பக்க இருட்டில் உட்கார்ந்திருந்தார். கடைசிக் காட்சியில் நான்கு நிமிடம் மட்டும் அவர்மீது விளக்கு விழும். தானியங்கி வெட்டு முழுப் படத்தையும் பார்ப்பதில்லை. வழக்கமான அமைப்பில் பத்து இடங்களில் எட்டிப் பார்த்து, எங்கே கறுப்பாக இருக்கிறதோ அதை வெற்று ஓரம் என்று முடிவுகட்டுகிறது. நூற்றுப்பத்து நிமிட நாடகத்தில் அந்த நான்கு நிமிடம் இரண்டு எட்டிப்பார்த்தல்களுக்கு நடுவே விழுந்துவிட்டது. இடப்பக்கம் 96 புள்ளிகள் போயின. அந்த நான்கு நிமிடமும் திரை ஓரத்தில் ஒரு வலது கை மட்டும் வந்து வந்து போகிறது.

வட்டு பத்திரமாக இருந்ததால் பிழைத்தேன். தானியங்கியை நிறுத்திவிட்டு, நாடகம் முழுவதையும் உட்கார்ந்து பார்த்து, அளவுகளை நானே கொடுத்தேன்: மேலே 2, கீழே 12, இடப்பக்கம் 8, வலப்பக்கம் 10. எஃப்எஃப்எம்பெக்கில் இதையே மிஞ்சும் அகலம், உயரம், இடமிருந்து தள்ளுவது, மேலிருந்து தள்ளுவது என்ற வரிசையில் 702, 562, 8, 2 என்று எழுத வேண்டும். தர எண்ணை 20இல் வைத்தேன். இந்த அளவுப் படங்களுக்கு 18 முதல் 22 வரை போதும், எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். அக்காவுக்கு மறுபடியும் அனுப்பினேன். பதில் வர இரண்டு நாளாயிற்று. அவர் அம்மாவும் பார்த்தாராம்.

2015இல் சிங்கப்பூரின் பொன்விழாவையொட்டி நம் ஐம்பதாண்டுத் தமிழ் இலக்கிய நூல்கள் மின்வடிவம் பெற்றன. நூலில் ஒரு பக்கம் கிழிந்திருந்தால் வேறொரு பிரதியைத் தேடலாம். ஓர் இரவு மட்டுமே மேடையேறிய நாடகத்துக்கு அந்த வசதி கிடையாது.

பெட்டியிலிருந்த ஏழாவது வட்டு அப்படிப்பட்டது. அதில் இருப்பது 320க்கு 240 அளவில் யாரோ முன்பே சுருக்கி, முகங்களை மட்டும் விட்டு நாற்புறமும் வெட்டிய கோப்பு. பின்திரையும் இல்லை, இசைக்குழுவும் இல்லை. மூல நாடா எங்கே என்று நான் விசாரித்த யாருக்கும் தெரியவில்லை. மூத்த உறுப்பினர்கள் தங்கள் வீவக வீட்டுச் சேமிப்பறையில் ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டுகிறேன். நாடா கிடைத்து, அதில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் எந்தக் கருவியிலும் போட்டுப் பார்க்காதீர்கள். அப்படியே எங்களிடம் கொடுங்கள்.