சிறுநீர்த் துவாரத்தின் அருகே கட்டியா? கூச்சப்படாமல் காட்டுங்கள்

குளிக்கும்போதோ, சிறுநீர் கழித்துக் கழுவும்போதோ, சிறுநீர் வரும் துவாரத்தின் பக்கத்தில் ஒரு சிறு உருண்டை கையில் தட்டுப்படலாம். வலி இல்லையே என்று சிலர் விட்டுவிடுவார்கள். வலி இருந்தாலும், பெற்ற மகளிடம்கூடச் சொல்லக் கூச்சப்பட்டு மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்பவர்களும் உண்டு.

இப்படி வரும் கட்டிகளில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. சிகிச்சையால் குணமாகக் கூடியவை. ஆனால் எது சாதாரணக் கட்டி, எது உடனே கவனிக்க வேண்டியது என்பதை மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கட்டி எப்படி உண்டாகிறது?

பெண்களின் சிறுநீர்க்குழாய் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நீளம்தான். அது பிறப்புறுப்பின் வாசலுக்குச் சற்று மேலே திறக்கிறது. அந்தத் துவாரத்தின் இரு பக்கமும் சிறு சுரப்பிகள் உள்ளன. அலெக்சாண்டர் ஸ்கீன் என்ற மருத்துவர் 1880-ஆம் ஆண்டில் இவற்றை விவரித்து எழுதியதால் ‘ஸ்கீன் சுரப்பிகள்’ என்று பெயர் வந்தது. இந்தச் சுரப்பியின் வாய் அடைபட்டால், உள்ளே ஊறும் நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கிவிடும். அதுதான் நீர்க்கட்டி. அதில் கிருமி புகுந்தால் சீழ்க்கட்டியாக மாறி வலியும் காய்ச்சலும் தரும்.

எல்லாக் கட்டியும் ஒன்றல்ல

சுரப்பி நீர்க்கட்டி: துவாரத்தின் ஒரு பக்கமாக, வழவழப்பாக இருக்கும். பெரிதானால் சிறுநீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து வரும், அல்லது வருவது தடைபடும்.

சிறுநீர்க்குழாய்ப் பை: குழாயின் சுவரிலிருந்து ஒரு சிறு பை வெளியே பிதுங்கியிருக்கும். இதில் சிறுநீர் தேங்குவதால், எழுந்து நடந்த பிறகு சொட்டுச் சொட்டாக ஒழுகும். சிறுநீர்க் கிருமித் தொற்றும் அடிக்கடி வரும். தாம்பத்திய உறவின்போது வலிக்கலாம்.

சிவந்த சதை வளர்ச்சி: மாதவிடாய் நின்ற பெண்களுக்கே இது அதிகம். பெண்மைச் சுரப்புநீர் குறைந்து தோல் மெலிந்துவிடுவதால், துவாரத்தின் ஓரத்தில் சிவப்பாகச் சிறு சதை தெரியும். துடைக்கும்போது உள்ளாடையில் இரத்தக் கறை படலாம்.

அடி இறக்கம்: இது கட்டியே அல்ல. சிறுநீர்ப்பையோ கருப்பையோ கீழே இறங்குவதால், வாசலில் உருண்டையாகத் தெரியும். பல பிள்ளைகளைச் சுகப்பிரசவமாகப் பெற்றவர்களுக்கும், பல ஆண்டுகள் பாரம் தூக்கியவர்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம். தோட்டத்தில் பால் வாளி சுமந்து உழைத்த அம்மாமார்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது பெரிதாகி, படுத்தால் உள்ளே போகும். இதற்கான சிகிச்சை வேறு.

புற்றுநோய்: இந்த இடத்தில் புற்றுநோய் வருவது மிக அரிது. ஆனாலும் வயதான காலத்தில் புதிதாக வந்த கட்டியைப் பார்க்காமல் விடக்கூடாது.

தள்ளிப்போடாதீர்கள்

சிறுநீர் அறவே வெளியேறாமல் அடிவயிறு உப்பினாலும், குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தாலும், அன்றே அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். வண்டி இல்லையென்றால் 999-ஐ அழையுங்கள்.

கட்டி கெட்டியாக இருந்தாலோ, வேகமாக வளர்ந்தாலோ, சீழ் வடிந்தாலோ, மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலோ, அந்த வாரமே கிளினிக்கில் காட்டுங்கள்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இனங்களில் இந்தியர்களிடமே அது அதிகம். இரத்தத்தில் இனிப்பு கூடியிருந்தால் சீழ்க்கட்டி சீக்கிரம் பரவும், புண்ணும் தாமதமாகவே ஆறும்.

எங்கே போவது?

முதலில் உங்கள் வட்டார அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிற்குப் போங்கள். அங்குள்ள மருத்துவர் தேவைப்பட்டால் கடிதம் கொடுத்து, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற நிபுணர்கள் உள்ள மருத்துவமனைக்கு அனுப்புவார். குடிமக்களுக்குக் கிளினிக்கில் 1 ரிங்கிட், அரசாங்கக் கடிதத்துடன் நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட் என்பதே வழக்கமான கட்டணம். சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்குக் கட்டணம் வேறுபடலாம். பதிவு முகப்பில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடையாள அட்டை, கிளினிக் புத்தகம், இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகள் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். கழற்ற எளிதான கைலி அல்லது பாவாடை உடுத்துங்கள். சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கேட்பார்கள் என்பதால், வந்தவுடன் கழிப்பறைக்குப் போய்விடாதீர்கள்.

பெண் மருத்துவர் வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம். பரிசோதனையின்போது பெண் தாதி உடன் இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். சொல்ல வார்த்தை வரவில்லை என்றால், ‘சாயா அடா கெத்துலான் டெக்காட் தெம்பாட் கென்ச்சிங்’ என்று மலாயில் சொன்னால் போதும். அல்லது இந்தத் தாளையே நீட்டுங்கள்.

என்ன சிகிச்சை?

மருத்துவர் முதலில் கண்ணால் பார்த்து, கையுறை அணிந்து மெதுவாகத் தொட்டுப் பார்ப்பார். சில நிமிட வேலைதான். தேவையானால் ஸ்கேன் எடுப்பார்கள், அல்லது மெல்லிய கேமரா குழாயால் சிறுநீர்க்குழாயின் உள்ளே பார்ப்பார்கள்.

சிறிய, வலியில்லாத நீர்க்கட்டிக்கு ஒன்றுமே செய்யத் தேவையில்லாமல் இருக்கலாம். சில தானாகவே வற்றிவிடும். பெரிதாகிறதா என்று மட்டும் பார்த்துவருவார்கள்.

கிருமி தொற்றியிருந்தால் கிருமிக்கொல்லி மருந்து கொடுப்பார்கள். சீழ் இருந்தால் கீறி வெளியேற்றுவார்கள். ஊசியால் நீரை உறிஞ்சி எடுத்தால் உடனே சுகம் தெரியும். ஆனால் வாய் மூடிக்கொண்டு மீண்டும் நிறையக்கூடும். அதனால் தொல்லை தரும் கட்டியை முழுவதுமாக அகற்றுவார்கள், அல்லது கட்டியைத் திறந்து ஓரங்களைத் தைத்து, நீர் வடிய நிரந்தர வழி செய்வார்கள்.

சிறுநீர்க்குழாய்ப் பைக்கு அறுவைச் சிகிச்சை செய்தால், குழாய் ஆறும் வரை சுமார் 2 முதல் 3 வாரம் சிறுநீர் வடிகுழாய் வைத்திருக்க நேரலாம். பிறகு சிலருக்கு இருமும்போது சிறுநீர் கசியலாம். சிலருக்குக் கட்டி மீண்டும் வரலாம். இதையெல்லாம் ஒப்புதல் தாளில் கையெழுத்திடும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சிவந்த சதை வளர்ச்சிக்குப் பெரும்பாலும் பெண்மைச் சுரப்புநீர் களிம்பும், வெதுவெதுப்பான நீரில் உட்காருவதும் போதும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் களிம்பு வாங்கும் முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் சிறு சதைத் துண்டை எடுத்துப் பரிசோதிப்பார்கள்.

இரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் அறுவைக்கு முன் அதைச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

காலையும் மாலையும் 10 முதல் 15 நிமிடம், கை பொறுக்கும் வெதுவெதுப்பான சுத்தமான நீரில் உட்காரலாம். சூடு காலில் தெரியாத இனிப்பு நீர்க்காரர்கள் வேறொருவரை விட்டுச் சூடு பார்க்கச் சொல்லுங்கள். கழுவும்போதும் துடைக்கும்போதும் முன்னிருந்து பின்னாகச் செய்யுங்கள். பருத்தி உள்ளாடை அணியுங்கள். சிறுநீரை அடக்காதீர்கள்.

செய்யக்கூடாதவை

கட்டியை அமுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். மஞ்சள், சுண்ணாம்பு, தலைவலித் தைலம் எதையும் பூசாதீர்கள். அந்தத் தோல் மிக மெல்லியது, வெந்துவிடும். பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த கிருமிக்கொல்லி மாத்திரையை வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

குடும்பத்தாருக்கு

அம்மாவோ பாட்டியோ அடிக்கடி கழிப்பறைக்குப் போனால், உட்காரச் சிரமப்பட்டால், துணியை மறைத்துத் துவைத்தால், தனியாக அழைத்து மெதுவாகக் கேளுங்கள். தோட்டத்திலிருந்து கிளினிக்கிற்குப் பஸ் கிடைப்பது கடினம் என்றால், ஒரு நாள் நீங்களே அழைத்துச் செல்லுங்கள். பல்வலியைச் சொல்வதுபோல இதையும் சொல்லலாம் என்ற தைரியத்தை அவர்களுக்குக் கொடுங்கள்.