சரக்குக்கு ஏற்ற கட்டடம்: ஒயின் ஆலைகள் தரும் பாடம்

கடைமுகப்புக்குச் செலவிடும் பணத்தில் பாதியையாவது கிட்டங்கிக்குச் செலவிடுகிறோமா? வணிகப் பெருமக்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது. இதற்கு ஒயின் ஆலைகளை எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். மதுவுக்குப் பரிந்து பேசுவது நம் நோக்கமன்று. ஒயின் பீப்பாயில் மாதக்கணக்கில் இருந்து பக்குவப்படும் சரக்கு. சூடு ஏறினால் சுவை கெடும். ஆகவே அதற்குக் கட்டடமே காவல்.

1. கல் சுவர்: அமெரிக்காவில் நாபா பள்ளத்தாக்கிலுள்ள டொமினஸ் ஆலை 1998-இல் திறக்கப்பட்டது. மலைச்சாலைகளில் மண் சரியாமலிருக்கக் கம்பிவலைக்குள் கல் அடுக்குவதைப் பார்த்திருப்போம். சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர்களான ஹெர்சாக், டி மியூரான் இருவரும் அதையே சுவராக்கினார்கள். கல்லும் அந்த வட்டாரத்துக் கரிய கல்லே. குளிர்ச்சி வேண்டிய இடத்தில் நெருக்கமாகவும், வெளிச்சம் வேண்டிய இடத்தில் இடைவெளி விட்டும் அடுக்கியிருக்கிறார்கள். பகல் வெயிலும் இரவுக் குளிரும் சட்டென்று உள்ளே தாக்குவதில்லை.

2. மண் கூரை: இத்தாலியின் ஃபிளாரன்ஸ் அருகே ஆண்டினோரி நிறுவனம் 2012-இல் திறந்த ஆலை, குன்றுக்குள் புதைந்திருக்கிறது. கூரைமேல் திராட்சைக்கொடி வளர்கிறது. மண்ணே உள்ளறைகளைக் குளிர்ச்சியாக வைக்கிறது.

3. ஓர் எச்சரிக்கை: ஸ்பெயினில் கலட்ராவா வடிவமைத்த இசியோஸ் ஆலை 2001-இல் திறக்கப்பட்டது. பின்னால் நிற்கும் மலைத்தொடரைப் போலவே கூரை அலையலையாக இருக்கும். கண்ணுக்கு விருந்துதான். ஆனால் கூரை ஒழுகி, உரிமையாளருக்கும் கட்டியவர்களுக்கும் பிணக்கு மூண்டது. அழகு இரண்டாவது, காப்பு முதலாவது.

இனி நம் பக்கம் வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இலும், கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பெயரே சரக்குக்கு மதிப்பு என்பதற்கு இவை சான்று. பால் சுண்டும் அடுப்பு வாடிக்கையாளர் கண்ணில் பட்டால், அதைவிடப் பெரிய விளம்பரப் பலகை எதற்கு?

வன்னியம்பட்டி வட்டாரத்தில் கிட்டங்கி கட்டுவோர் கவனிக்க வேண்டியவை:

மேற்கு வெயில் படும் சுவரைக் கனமாகக் கட்டுக. அல்லது அப்பக்கம் தாழ்வாரம் இறக்குக. தகரக் கூரையானால் சூடு வெளியேற உச்சியில் வழி விடுக. ஐப்பசி மழைக்கு முன்பே கூரையைச் சோதித்துவிடுக. பஞ்சு, வத்தல், வெல்ல மூட்டைகளைச் சுவரில் சாய்க்காமல், தரையிலும் வைக்காமல், கட்டை போட்டு அடுக்குக.

முகப்பு வாடிக்கையாளரை ஒருமுறை அழைத்து வரும். கெடாத சரக்கே அவரை மறுமுறையும் வரவழைக்கும்.