பனி குறைந்த மார்கழியில் இளம் ரோஜாச் செடிகள்

ஒசூர், தளி வட்டாரங்கள் மேட்டு நிலங்களாதலின், மார்கழி, தை மாதக் குளிர் அங்கு ரோஜாப் பயிருக்குப் பெருந்துணையாகும். எனினும், சில ஆண்டுகளில் பனி போதிய அளவு விழுவதில்லை. அத்தகைய பருவத்தில் புதிதாக நட்ட செடிகள் மிகவும் செழிப்பனபோல் தோன்றும். அத்தோற்றங் கண்டு நாம் மயங்குதல் கூடாது.

காரணம் யாதெனில், வெப்பம் மிகுந்தால் தண்டிலுள்ள சேமிப்பைக் கொண்டே தளிரும் மொக்கும் விரைந்து வெளிப்படுகின்றன; வேரோ அத்துணை விரைவில் பரவுவதில்லை. மேலே தேவை பெருகிக் கீழே வழங்கும் ஆற்றல் குறையின், பங்குனி வெயிலில் செடி வாடிவிடும். கன்று வாங்கிய பணமும் பட்ட பாடும் அதனோடு போய்விடும். ஆகவே, இப்பருவத்தில் நாம் வளர்க்க வேண்டுவது பூவையன்று; வேரையே.

முதலாவதாக, நட்டபின் இரண்டு மாதங்கள்வரை தோன்றும் மொக்குகளைக் கிள்ளிவிட வேண்டும்; இலைகளைக் கிள்ளலாகாது. பொங்கலுக்குப் பூ விலை ஏறுமே எனத் தயங்குவோர் உளர். பல ஆண்டுகள் பயன்தரும் செடியை நான்கு பூக்களுக்காக நலிவுறச் செய்தல் நட்டமேயாகும். கவாத்தும் இப்போது வேண்டா. காய்ந்த நுனிகளை மட்டும் நறுக்கலாம். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் போத்துகளை அடியோடு அகற்ற வேண்டும்.

இரண்டாவது, நீர். பனிக்காலந்தானே என நீரைக் குறைப்பதும், வெப்பத்திற்கு அஞ்சி நீரைத் தேக்கி வைப்பதும் தவறு. வேர் பிடிக்கும்வரை ஒரு நாள் விட்டு ஒரு நாளும், பின்னர் வாரம் ஒரு முறையும், மண்ணின் ஈரத்தை விரலால் அறிந்து பாய்ச்சுதல் நன்று. காலையில், இலை நனையாவண்ணம் தூரில் ஊற்றினால் கரும்புள்ளி நோய் குறையும். தண்டைத் தொடாமல் வைக்கோல் மூடாக்கு இடுக.

மூன்றாவது, உரம். நடும்போது குழிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரம் இட்டிருப்பின் இப்போதைக்கு அதுவே போதும். யூரியா இடின் மென்தளிர் மிகுந்து இலைப்பேனுக்கு இரையாகும்.

நான்காவது, பாதுகாப்பு. குளிரில் அடங்கிக் கிடக்கும் செஞ்சிலந்தி, வறண்ட வெப்பத்தில் விரைந்து பெருகும். வாரம் இருமுறை இலையின் அடிப்புறத்தை நோக்குக. காணின், 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாற்றை மாலையில் தெளிக்கலாம். சாம்பல் நோய் தோன்றினால், 1 லிட்டர் நீருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் கலந்து வெயில் தணிந்தபின் தெளிக்க வேண்டும்.

இவை யாவும் பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை. இரண்டு மாதப் பொறுமையே இங்கு முதலீடு. வேரூன்றிய செடி கோடையைத் தாங்கும். அதன்பின் பூவும் தானே வரும்.