மணமுறிவு வழக்கும் வழக்குச் செலவும்

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் தெரு அக்காள் ஒருவருக்குத் துணையாகக் குடும்ப நீதிமன்றம் சென்றேன். மணமுறிவு கேட்டு மனுப் போட்டவர் அவருடைய கணவர், மாதச் சம்பளக்காரர். அக்காளிடம் இருந்ததோ ஒரு ஜோடித் தோடு. அதை அடகு வைத்துத்தான் முதல் வாய்தாவுக்கு வந்திருந்தார். “வழக்குப் போட்டது அவர். வக்கீலுக்கு நான் எங்கே போவேன் தம்பி?” என்றார். பொருளியல் மாணவனாகிய எனக்கு விடை தெரியவில்லை. பின்னர் நூலகத்தில் சட்ட நூல்களைப் புரட்டியதன் பயனே இக்கட்டுரை.

1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆவது பிரிவில் விடை இருக்கிறது. தம் பிழைப்புக்கும் வழக்கின் அவசியச் செலவுக்கும் போதிய தனி வருமானம் இல்லாதவர், வழக்கு நடக்கும்போதே இரண்டையும் எதிர்த்தரப்பிடம் கோரலாம். வழக்குத் தொடுத்தவராக இருக்க வேண்டியதில்லை. எதிர்த்து நிற்பவரும் கேட்கலாம். சாதாரண உரிமையியல் வழக்கில் செலவுத்தொகை பெரும்பாலும் தீர்ப்போடு வருவது. இங்கோ வழக்காடுவதற்கென்றே தரப்படுவது. ஓடக்கூலி இல்லாதவரிடம் அக்கரைக்கு வா, தருகிறேன் என்றால் என்ன பயன்? இப்பிரிவின் சிறப்பே இதில்தான் உள்ளது என்பது என் கருத்து.

வருமானமற்ற கணவனும் மனைவியிடம் இவ்வாறு கேட்கலாம் என்பது எனக்கு வியப்பளித்தது. 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் 36-ஆவது பிரிவோ மனைவிக்கு மட்டுமே இதை வழங்குகிறது.

அறிவிப்பு சேர்ந்த நாளிலிருந்து இயன்றவரை 60 நாட்களுக்குள் இம்மனுவை முடிக்க வேண்டுமென 2001-இல் இவ்விரு சட்டங்களிலும் திருத்தம் வந்தது. “இயன்றவரை” என்ற சொல்லுக்குள் எத்தனை வாய்தாக்கள் அடங்கும் என்பதை நீதிமன்றத் தாழ்வாரத்தில் கண்டேன்! தொகையை நிர்ணயிக்க இருவருமே வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4 அன்று தீர்ப்பளித்தது. ஜீவனாம்சத்தை மனுச் செய்த நாள் முதல் கணக்கிட வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. ஆகவே இழுத்தடிப்பவருக்கு இலாபம் குறைவு.

1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13-ஆவது பிரிவின்படி, அங்கே வக்கீல் வைத்துக்கொள்வது உரிமையன்று. நீதிபதி அனுமதித்தால் உண்டு. ஆனால் மனு எழுதவும் குறுக்கு விசாரணை செய்யவும் அக்காளால் தனியே இயலுமா? 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், வருமான வரம்பு பாராமல் பெண்களுக்கு இலவச வக்கீலைத் தருகிறது. இதை முன்பே அறிந்திருந்தால் தோடு காதிலேயே இருந்திருக்கும்.

இரண்டாம் வாய்தாவில் அக்காள் இலவச வக்கீல் மூலம் 24-ஆவது பிரிவின் கீழ் மனுக் கொடுத்தார். கணவரின் பிரமாணப் பத்திரம் இன்னும் வரவில்லை. அடகுக்கடைச் சீட்டு மனுவின் நகலோடு அவருடைய பையில் இருக்கிறது.