பூங்காச் சவாரிக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு

ஞாயிறு விடியற்காலையில் வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் சைக்கிளில் புறப்பட்டு, காலிமுகத்திடலில் ஒன்றுகூடி, விகாரமகாதேவிப் பூங்கா, சுதந்திரச் சதுக்கம் என்று சுற்றிவர விரும்புகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

1. ஆகக் கடைசியில் வருகிறவரின் வேகம்தான் எல்லோருடைய வேகமும். ஆடிவேல் ரதம் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிதானம் வேண்டும். பழகிய ஒருவர் வாலில் வரட்டும். சிக்னலில் கூட்டம் பிரிந்தால், முன்னால் போனவர்கள் இடப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். எட்டிப் பிடிக்க நினைத்துச் சிவப்பு விளக்கைத் தாண்டாதீர்கள்.

2. புதுச் சைக்கிள் வாங்க ஓடவேண்டாம். 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது வாங்கிய லுமாலா சைக்கிள் இன்னமும் தொடர்மாடிப் படிக்குக் கீழே நிற்கும். கடற்காற்றின் உப்பு செயினை அரித்திருக்கும்; துடைத்து எண்ணெய் விடுங்கள். ரயரில் வெடிப்பு உண்டா, இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். சீற்றில் இருந்து, கீழே நிற்கும் பெடலில் குதிக்காலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முழங்கால் நோகிறது என்பவர்களில் பலருக்குச் சீற் பதிந்துதான் இருக்கும்.

3. இது பெண் பிள்ளைகளுக்கு. 1990களில் எரிபொருள் தடை இருந்த யாழ்ப்பாணத்தில் உங்கள் அம்மாமார் பள்ளிக்கும் சந்தைக்கும் வேலைக்கும் சைக்கிளில்தான் போனார்கள். கொழும்புக்கு வந்த பிறகு அவர்களில் பலர் சைக்கிளைத் தொடவில்லை. பஸ் பயம், பார்க்கிறவர்களின் கண், எல்லாம் எனக்கு விளங்குகிறது. அதனால்தான் கூட்டமாக வரச் சொல்கிறேன். அம்மாவையும் கூட்டிவாருங்கள். காலிமுகத்திடலே பெண்களும் பிள்ளைகளும் காற்று வாங்கவென்று ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் அமைத்துக் கொடுத்த இடம்.

4. வெள்ளவத்தைக்காரர் காலி வீதியை விட்டு மரைன் டிரைவைப் பிடியுங்கள். அங்கே ஓரத்தில் நிற்கும் கார்களின் கதவு திடீரென்று திறக்கும். ஒரு கை நீளம் விலகி ஓடுங்கள். கொள்ளுப்பிட்டிக்குப் பிறகு சிறிது தூரம் காலி வீதிதான், தனி வரிசையில் வாருங்கள். கொட்டாஞ்சேனைக்காரருக்குத் துறைமுக லொறிகள்தான் கவலை. வெளிச்சம் வந்தவுடன் புறப்பட்டுச் செட்டியார் தெரு, கோட்டை வழியாக வந்துவிடுங்கள்.

5. பள்ளம் கண்டால் கையைக் கீழே நீட்டிக் காட்டுங்கள். கூட்டத்தில் சிங்களப் பிள்ளைகளும் வருவார்கள். கை எல்லோருக்கும் விளங்கும். வடிகான் மூடியின் கம்பி இடைவெளியில் மெல்லிய ரயர் இறங்கிவிடும், அதையும் காட்டுங்கள்.

6. பூங்காவுக்குள் இறங்கி உருட்டுங்கள். அங்கே நடக்கப் பழகும் குழந்தைகளும் ஊன்றுகோல் பிடித்த பெரியவர்களும் வருகிறார்கள். பக்கத்து வீதி ஆனந்த குமாரசுவாமியின் பெயரைத் தாங்கியது. நிழல் உள்ள வீதி, அங்கே தண்ணீர் குடித்து ஆறலாம்.

7. ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுங்கள், வெயில் ஏறிவிடும். யாருடைய ரயரிலாவது காற்றுப் போனால் இருவர் கூட நில்லுங்கள். ஒட்டுப்போடும் கடை திறக்கவில்லையென்றால் ஓட்டோவில் சைக்கிளை ஏற்றி அனுப்புங்கள்; அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த செய்தி வந்தபிறகுதான் மற்றவர்கள் கலைய வேண்டும்.