தொட்டால் வந்துவிடுமா படிப்பு?

மூன்று வயதுக் குழந்தை யார் துணையும் இல்லாமல் டேப்லெட்டைத் திறந்து, தனக்கு வேண்டிய விளையாட்டை எடுத்துவிட்டால் "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எல்லாம் தானா வந்துடுது" என்று வீடே பெருமைப்படுகிறது. அதே டேப்லெட்டைத் தாத்தா கையில் எடுத்தால், "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப்பா இது?" என்கிறார்கள். இரண்டு பேச்சுக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கை: கற்றுக்கொடுப்பது கருவி, கற்க முடியுமா என்று முடிவு செய்வது வயது. குழந்தை திரையை லாவகமாகத் தள்ளுகிறது என்றால், மூன்று வயதில்கூட இயக்க முடிகிற அளவுக்கு எளிமையாக அதை வடிவமைத்தவர்கள் கெட்டிக்காரர்கள் என்று பொருள். பாராட்டு அவர்களுக்குப் போகவேண்டியது. கடந்த இருபது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தால், படிப்பு வருவது கற்பவர் செய்யும் வேலையால் என்பது தெரிகிறது. அந்த வேலையை அவரவர் நிலைக்கு ஏற்பக் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார் என்று கண்டுபிடித்துத் திருத்துகிற செயலி உதவுகிறது. மற்றவை ஆறு வயதுக்கும் அறுபது வயதுக்கும் ஒரேமாதிரி பொழுதுபோக்குதான்.

கருவியைக் கையில் கொடுத்தாலே போதும் என்ற நம்பிக்கையைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த நாடு பெரு. 2005-இல் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே அறிவித்த 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தின்கீழ் அந்நாட்டு அரசு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. பயன்பாட்டு மென்பொருள்களோடு சுமார் இருநூறு மின்னூல்களும் அதில் ஏற்றப்பட்டிருந்தன. 319 கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012-இல் வெளிவந்தது. ஏறக்குறைய 15 மாதங்கள் கழித்தும் கணினி கிடைத்த பள்ளிக்கும் கிடைக்காத பள்ளிக்கும் கணக்கிலோ மொழிப்பாடத்திலோ வித்தியாசம் எதுவும் தென்படவில்லை. பொதுவான சிந்தனைத் திறனை அளக்கும் சோதனைகளில் மட்டும் சிறிது முன்னேற்றம் இருந்தது. பிள்ளைகள் அதைத் தொடாமல் பெட்டியில் பூட்டி வைத்துவிடவில்லை, பயன்படுத்தத்தான் செய்தார்கள். ஆனால் இந்தப் பிள்ளைக்கு எது தெரியவில்லை என்று கேட்கிற ஏற்பாடு அந்தக் கணினிக்குள் இல்லை, அதைச் சுற்றியும் இல்லை.

இதற்கு நேர்மாறான சான்று டெல்லியிலிருந்து வருகிறது. பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகியோரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இது. பள்ளி முடிந்த பிறகு நடக்கும் மையங்களில் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருளைக் கொண்டு படிக்கும் வாய்ப்பைக் குலுக்கல் முறையில் கொடுத்தார்கள். முதலில் பிள்ளைகளின் உண்மையான நிலையை அளந்தபோதே திடுக்கிட வைக்கும் செய்தி கிடைத்தது. ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் சராசரி மாணவர் கணக்கில் இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார். ஒன்பதாம் வகுப்பில் இந்த இடைவெளி நாலரை வகுப்பாக விரிந்திருந்தது. மென்பொருள் ஒவ்வொருவருக்கும் அவர் நிற்கிற படியிலிருந்து கேள்வி கொடுத்தது. நாலரை மாதத்தில், கணக்கில் இவர்கள் அடைந்த முன்னேற்றம் குலுக்கலில் வாய்ப்புக் கிடைக்காதவர்களைவிட இரு மடங்குக்கும் அதிகம். சாதாரண வகுப்பில் கடைசி வரிசையில் தங்கிவிடும் பிள்ளைகள் எதுவுமே முன்னேறாமல் இருந்த அதே காலத்தில், இங்கே அவர்களும் மற்றவர்களோடு சேர்ந்தே ஏறினார்கள். ஆனால் 90 நிமிட அமர்வில் பாதிதான் கணினி. மீதிப் பாதி, பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழுவோடு ஒரு பயிற்றுநர் செலவிட்ட நேரம். இந்த இரண்டாம் பாதியை விளம்பரங்கள் சொல்வதில்லை.

அதே ஆய்வில் பெற்றோர் கவனிக்கவேண்டிய இன்னொரு முடிவும் உண்டு. பள்ளியில் நடத்தும் கணக்குத் தேர்வில் இந்தப் பிள்ளைகளின் மதிப்பெண் குறிப்பிடும்படி உயரவில்லை. காரணம் எளிது: எட்டாம் வகுப்புக் கேள்வித்தாள் எட்டாம் வகுப்புப் பாடத்தைக் கேட்கிறது, பிள்ளையோ நாலாம் வகுப்புக் கணக்கிலிருந்து ஐந்துக்கும் ஆறுக்கும் ஏறிக்கொண்டிருக்கிறது. ரேங்க் கார்டை மட்டும் பார்க்கிறவர் "மார்க் வரலையே, தண்டம்" என்று நிறுத்திவிடுவார். நிஜமாகவே கற்றுக்கொடுத்த ஒன்றைத் தூக்கியெறியவும், எதுவுமே கற்றுக்கொடுக்காத ஒன்றை வைத்துக்கொள்ளவும் நமக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது.

அந்த இரண்டாவது தவறுக்கு வழிவிடுவது, "பிள்ளை விரும்பி உட்கார்ந்திருக்கிறது, அதனால் படிக்கிறது" என்ற எண்ணம். இதை நான் எல்லாவற்றையும்விட ஆபத்தானதாகக் கருதுகிறேன், ஏனென்றால் இது கண்ணுக்கு உண்மை போலவே தெரியும். ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவுபடுத்துகிறது. கல்லூரி மாணவர்களில் ஒரு குழுவினர் ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழானது: எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம் நினைவிருந்தது, படித்தவர்களுக்கு 40 சதவீதம். தனக்கு நன்றாக நினைவிருக்கும் என்ற நம்பிக்கை மட்டும் படித்தவர்களிடமே கூடுதலாக இருந்தது. சுகமாகப் போகிற படிப்பு மனத்தில் தங்காது என்பதும், சுகமாக இருந்ததாலேயே தங்கிவிட்டதாகத் தோன்றும் என்பதும் இதிலிருந்து கிடைக்கும் பாடம். திரையில் ஓடுகிற அழகான விளக்கப் படத்துக்கும் இது பொருந்தும், தினமும் விடாமல் பயிற்சி செய்ததற்கு மொழிச் செயலி தரும் நெருப்புச் சின்னத்துக்கும் பொருந்தும். சின்னம், நீங்கள் செயலியைத் திறந்ததை எண்ணுகிறது.

நல்ல செயலி என்ன செய்யும் என்பதைக் கிட்டத்தில் பார்ப்போம். 0.3, 0.27 இரண்டில் எது பெரியது? ஒரு சிறுமி 0.27-ஐத் தொடுகிறாள். 27, மூன்றைவிடப் பெரியது என்பது அவளுடைய கணக்கு. மோசமான செயலி சிவப்பு எழுத்தில் 'தவறு' என்று காட்டி மறுபடி தொடச் சொல்லும். இருப்பது இரண்டே விடை, அடுத்த முறை எப்படியும் சரியாகிவிடும், பலூன் வெடிக்கும், நட்சத்திரம் விழும். நல்ல செயலியோ இந்தத் தவறுக்குப் பின்னால் இருக்கும் எண்ணத்தைப் பிடிக்கும். 0.30 என்று ஒரு பூஜ்யத்தைச் சேர்த்துக் காட்டி முப்பது பைசாவா, இருபத்தேழு பைசாவா என்று கேட்கும், பிறகு 0.4, 0.35 கொடுத்து அவள் புரிந்துகொண்டாளா, குருட்டாம்போக்கில் தொட்டாளா என்று சோதிக்கும். இரண்டு நாள் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் இதே கணக்கைத் திரும்பவும் கொண்டுவந்து நீட்டும். இப்படிப்பட்டவை சந்தையில் குறைவு. குழந்தைகளுக்கான பிரபலமான 124 கல்விச் செயலிகளை அமெரிக்க ஆய்வாளர்கள் மதிப்பிட்டு 2021-இல் வெளியிட்டபோது, பாதிக்கு மேற்பட்டவை தரம் குறைந்தவை என்றே வகைப்படுத்தப்பட்டன. 'கல்வி' என்ற பிரிவில் ஒரு செயலி இடம்பெற, அது கற்றுக்கொடுக்கிறது என்று யாரும் நிரூபித்துக் காட்டத் தேவையில்லை.

கைக்குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கறாராகச் சொல்லலாம். 'பேபி ஐன்ஸ்டைன்' வீடியோக்களை வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக டிஸ்னி நிறுவனம் 2009-இல் அறிவிக்கவேண்டி வந்தது. மறு ஆண்டு ஜூடி டிலோச் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 18 மாதக் குழந்தைகள் நான்கு வாரம் ஒரு பிரபலமான கல்வி வீடியோவைப் பார்த்தும், பார்க்காத குழந்தைகளைவிடக் கூடுதலாக எந்தச் சொல்லையும் கற்கவில்லை. வீடியோவே இல்லாமல் அந்தச் சொற்களை அன்றாடப் பேச்சில் சொல்லிக்கொடுத்த பெற்றோரின் குழந்தைகளே அதிகம் கற்றார்கள். வீடியோ மிகவும் பிடித்துப்போன பெற்றோர் குழந்தை நிறையக் கற்றுவிட்டதாக நம்பியதும் அந்த ஆய்வில் பதிவாகியிருக்கிறது. இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டவேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன வழிகாட்டல்.

இனித் தாத்தாவிடம் வருவோம். முதியவர்களைக் குறிவைத்து விற்கப்படுபவை 'மூளைப் பயிற்சி' விளையாட்டுகள். லூமோசிட்டி என்ற நிறுவனம், தன் விளையாட்டுகள் வயதால் வரும் மறதியைத் தள்ளிப்போடும் என்று ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக எழுந்த வழக்கில், 2016-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் இருபது லட்சம் டாலருக்கு உடன்பாட்டுக்கு வந்தது. அதே ஆண்டு வெளியான விரிவான மதிப்பாய்வு ஒன்று, இத்தகைய பயிற்சியால் அந்த விளையாட்டில் தேர்ச்சி கூடுகிறது, அன்றாட வாழ்வுக்கு அது பரவியதற்குச் சான்று மிகக் குறைவு என்று முடித்தது. அப்படியானால் பெரியவர்கள் டேப்லெட்டைத் தள்ளி வைத்துவிடலாமா? கூடாது. டெனிஸ் பார்க்கின் ஆய்வுக்குழு 60 முதல் 90 வயதுள்ளவர்களுக்கு மூன்று மாதம், வாரத்துக்கு 15 மணி நேரம், ஐபேடைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தது. கூடிப் பேசிப் பொழுதைக் கழித்தவர்களைவிடவும், வீட்டில் எளிய விளையாட்டுகளோடு இருந்தவர்களைவிடவும் இவர்களின் நினைவாற்றல் மேம்பட்டது. மிகச் சிறிய குழு என்பதால் இதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் போகிற திசை தெரிகிறது: பழக்கமில்லாத ஒன்றை, சிரமப்பட்டு, சொல்லிக்கொடுக்க ஒருவர் இருக்கக் கற்றால் எழுபதிலும் பலன் உண்டு.

ஆளே கிடைக்காத இடத்தில் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. தான்சானியாவின் டாங்கா பகுதியில், பெரும்பாலும் பள்ளிக்கூடமே பார்த்திராத சுமார் மூவாயிரம் பிள்ளைகளுக்கு டேப்லெட் கொடுத்து, சுவாஹிலி மொழியில் தாங்களாகவே கற்கவிட்ட போட்டி ஒன்று நடந்தது. தொடக்கத்தில் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு ஒரு சொல்கூட வாசிக்கத் தெரியாது. 15 மாதத்தில் அந்த எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. 2019-இல் இரண்டு அணிகள் பரிசைப் பகிர்ந்துகொண்டன. ஒன்றுமே இல்லாத இடத்தில் இது பெரிய சாதனை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மீதிப் பாதிப் பேர் 15 மாதத்துக்குப் பிறகும் ஒரு சொல்லை வாசிக்க முடியாமல் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் கொரோனா விடுமுறைக்குப் பிறகு நடந்தது வேறு. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களை மாலை நேரத்தில் பிள்ளைகளோடு உட்காரவைத்தது. ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வின்படி, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது. ஆள் இருக்கிற ஊரில், ஆளுக்குப் பதிலாக டேப்லெட் என்று பேரம் பேச அவசியம் இல்லை.

ஆகவே சந்தா கட்டுவதற்கு முன்னால், தவணைப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், ஒன்று செய்யுங்கள். இலவச முன்னோட்டத்தைத் திறந்து, வேண்டுமென்றே பத்துக் கேள்விக்குத் தப்பான விடை கொடுங்கள். செயலி உங்கள் தவறைப் பார்த்துக் கேள்வியை மாற்றுகிறதா, படியை இறக்குகிறதா, விளக்குகிறதா என்று கவனியுங்கள். பத்தாவது தவறுக்கும் பலூன் வெடித்தால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.